குப்புறக் கிடந்த சுவர்

இரும்பு மேசைமேல் குந்தியபடி கான்கிரீட்டுக்காகக் காத்திருந்தாள் லூர்துமேரி. மேசை என்றால் சோறு வைக்கிற மேசை இல்லை; ஒரு வீட்டுச் சுவரையே படுக்கப்போட்டு வார்க்கிற மேசை. திண்டிவனத்துக்கு வெளியே இருக்கும் இந்தத் தகரக் கொட்டகையில் சுவர்களை இப்படி வார்த்து, மறுநாள் நிமிர்த்தி, லாரியில் ஏற்றிச் சென்னைக்கு அனுப்புவார்கள். அங்கே சேர்த்து நிறுத்தினால் வீடு.

போன வாரம் அனுப்பியதில் மூன்று சுவர்கள் திரும்பி வந்துவிட்டன. கதவைத் திறந்தால் சுவிட்சுப் பெட்டி கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறதாம். பெட்டி வைத்தவள் லூர்துமேரி. வரைபடத்தில் இருந்தபடிதான் வைத்தாள்; ஆனாலும் பழி அவள் தலையில் விழுந்தது. "இன்னொரு செவுரு இப்டி திரும்பி வந்திச்சின்னா, நீ வேலைக்கே வராத" என்று சூப்பர்வைசர் திருமுருகன் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்.

மூன்று நாளாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை. திரும்பி வந்த சுவர்களையே சுற்றிச் சுற்றி வந்தாள். நேற்றுச் சாயங்காலம்தான் பிடிபட்டது. முன்பெல்லாம் கரணையால் தேய்த்த மேல்பக்கம் அறைக்குள் வரும். இந்த ஆர்டரில் இரும்பில் படிந்த வழவழப்பான அடிப்பக்கம்தான் அறைக்குள். அப்படியென்றால் சுவர் மேசையில் குப்புறக் கிடக்கிறது. குப்புறப் படுத்த பிள்ளையின் வலது கை பக்கம் மாறித்தானே தெரியும்?

இன்றைக்குப் பெட்டியைக் கதவு வழிக்கு வலப்பக்கம் வைத்து, காந்தம் போட்டு இறுக்கியிருந்தாள்.

திருமுருகன் பார்த்துவிட்டார். "ஏம்மா, கண்ணு தெரியலையா? படத்துல எடப்பக்கம் இருக்குது, நீ வலப்பக்கம் வச்சிக்கினு குந்தினு இருக்கற. மாத்து, ஜல்தி."

"மாத்த மாட்டேன் சார்."

பக்கத்தில் கம்பி கட்டிக்கொண்டிருந்த அஞ்சம்மாளின் கை நின்றது. அந்தக் கொட்டகையில் ஒரு ஹெல்பர் சூப்பர்வைசரிடம் மாட்டேன் என்று சொல்லி யாரும் கேட்டதில்லை.

சத்தம் கேட்டு இன்ஜினியர் அறிவுச்செல்வன் வந்தார். லூர்துமேரி திருமுருகனிடமிருந்து படத்தை வாங்கி, திருப்பி, வெயிலுக்கு எதிரே பிடித்தாள். கோடுகள் தாளின் பின்பக்கம் தெரிந்தன.

"செவுரு குப்புற கெடக்குதுங்க சார். நாம அதும் முதுவத்தான் பாக்கறோம். படத்தையும் முதுவுப் பக்கமா பாருங்க."

இன்ஜினியர் வெகுநேரம் பார்த்தார். "ஊத்துங்க. நாளைக்குத் தூக்கினா தெரிஞ்சிடும்" என்றார். பிறகு அவளிடம், "தப்பா இருந்தா உன்ன காப்பாத்த என்னால ஆவாதும்மா."

"தப்பா இருந்தா நானே போயிடறேன் சார்."

மறுநாள் காலை, கிரேன் கொக்கி மாட்டி மெதுவாகத் தூக்கியது. சுவர் இரும்பைவிட்டுப் பிரிந்து எழுந்தது. அதை நிறுத்தி முட்டுக் கொடுத்தார்கள். லூர்துமேரி வெளிப்பக்கம் போனாள். இன்னும் மாட்டாத கதவைத் திறப்பதுபோல் கதவு வழியாக அறைப்பக்கம் நுழைந்து, திரும்பிப் பார்க்காமல் வலது கையைச் சுவரில் வைத்தாள். கை நேராகப் பெட்டியில் போய் உட்கார்ந்தது.

"மேரிக்கா" என்று அஞ்சம்மாள் கத்திவிட்டாள். கம்பி கட்டுகிற பெண்கள் அத்தனை பேரும் கைதட்டினார்கள். லூர்துமேரிக்கு நெஞ்சு கொள்ளவில்லை. இத்தனை நாள் பசியும் அப்போதுதான் தெரிந்தது.

"இனிமே எல்லா படத்தையும் திருப்பித்தான் அடிச்சிக் குடுக்கணும்" என்றார் இன்ஜினியர். "நீ எங்கியும் போவ வேணாம்மா."

திருமுருகன் அதற்குள் போனில் சென்னையோடு பேசிக்கொண்டிருந்தார். "ஆமா சார், நாமளே கண்டுபிடிச்சிட்டோம். போட்டோ அனுப்பறேன் சார்."

இன்ஜினியர்களும் சூப்பர்வைசர்களும் சுவர் முன்னால் வரிசையாக நின்றார்கள். "ஹெல்பருங்கல்லாம் அந்தாண்ட போங்கம்மா. வெள்ள ஹெல்மெட்டு மட்டும்" என்றார் திருமுருகன்.

பெண்கள் சிரித்துக்கொண்டே சுவருக்குப் பின்னால் போனார்கள். லூர்துமேரியும் போனாள். கதவு வழியாக நீட்டிய கையை மட்டும் பெட்டியிலிருந்து எடுக்கவில்லை.

போட்டோவில் வெள்ளை ஹெல்மெட் நான்கு. அவற்றுக்கு நடுவே, கதவு வழியின் ஓரத்தில், விரல் கிழிந்த கையுறை போட்ட ஒரு கை பெட்டியின்மேல் அழுத்திப் பதிந்திருந்தது. யாரும் அதைக் கவனிக்காமலே சென்னைக்கு அனுப்பிவிட்டார்கள்.