சினைப் பன்றிக்கு ஊற்றிய தண்ணீர்

காற்று விழுந்து, தாழைப்பாய் துவண்டு தொங்கிய பிறகுதான் தோணியில் தண்ணீர்ப் பேச்சு எழுந்தது. தண்ணீர் அடைத்திருந்த மூங்கில் குழாய்களை ஆட்டிப் பார்த்தார்கள். பாதிக்கு மேல் காலியாக இருந்தன.

தோணித் தலைவன் ரொகாபே பங்கு வைத்தான். பெரியவர்களுக்குக் காலையில் ஒரு சிரட்டை. நடுத்தட்டில் கட்டிக்கிடந்த சினைப் பன்றிக்கு மட்டும் இருவேளையும். ஆண் பன்றி வழியிலேயே செத்துவிட்டதால் மிஞ்சியது அது ஒன்றுதான்.

வைலுமா ரொகாபேயின் தம்பி மனைவி. அவள் மடியில் மகள் நிமே காய்ச்சலோடு கிடந்தாள். பல் முளைத்தும் பால் மறக்காத பிள்ளை. தாயின் மார்போ வற்றிக்கொண்டிருந்தது.

"அத்தான், எனக்கு இன்னொரு சிரட்டை குடுங்க. பால் ஊறல. புள்ள வெறும் காம்பச் சப்பிச் சப்பி அழுவுது."

ரொகாபே கடலைப் பார்த்தபடியே பேசினான். "நாம போற தீவுல பன்னி கெடையாது. பன்னி வெட்டாத வீட்டுக்கு எவன் பொண்ணு குடுப்பான்? எவன் எழவுக்கு வருவான்? ஒருத்தனும் நம்மள மதிக்க மாட்டான்."

"யாரு மதிக்கணும்? அங்க மனுசங்களே இல்லேன்னு நீங்கதான சொன்னீங்க?"

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ரொகாபேயின் முகம் கறுத்தது.

"நீ சின்னவ. இன்னொண்ணு பெத்துக்கலாம். பன்னியப் பெத்துத் தருவியா நீ?"

வைலுமா கணவனைத் திரும்பிப் பார்த்தாள். தாரிகோ குனிந்து, அவிழாத கயிறு ஒன்றை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தான்.

ரொகாபேயின் மனைவி சௌலா மட்டும் தன் சிரட்டையில் பாதியைப் புருசன் பார்க்காதபோது அவளிடம் நீட்டினாள். அது போதவில்லை. நிமேயைப் பாயில் சுற்றிக் கடலில் விட்டார்கள். அடுத்த நாள் வானத்தில் கரைப்பறவைகள் தெரிந்தன.

புதுத் தீவில் ஓடை ஒன்று பாறையிலிருந்து இறங்கிக் கடலுக்கு ஓடியது. ஆளைக் கண்டால் பறக்கத் தெரியாத கொழுத்த பறவைகளைக் கம்பால் தட்டியே பிடித்தார்கள். வைலுமா ஓடையில் குப்புற விழுந்து வயிறு முட்டக் குடித்தாள். சில நாளில் மார்பு கனத்துப் பால் கட்டிக்கொண்டது. யாரும் பார்க்காத இடத்துக்குப் போய் மணலில் பீய்ச்சிவிட்டு வந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் பன்றி ஈன்றது. ஈன்ற கையோடு செத்தும் போனது. ஆணொன்றும் பெண்ணொன்றுமாக இரண்டு குட்டிகள் பிழைத்திருந்தன. சௌலா அவற்றை இலையில் பொதிந்து எடுத்து வந்தாள்.

"என்ன வேணா திட்டிக்கோ. அவரு அனுப்பினாரு."

"அவரு வரலியாக்கா?"

"ஒன் மூஞ்சியப் பாக்க முடியலியாம்."

"பன்னி மூஞ்சியப் பாக்க முடியுதாமா?"

சௌலா அழுதாள். வைலுமா அழவில்லை. குட்டியை வாங்கி மார்பில் போட்டாள். அது முரட்டுத்தனமாகக் கடித்து இழுத்தது. கல்லாய் இறுகியிருந்த வலி இறங்க இறங்க, உடம்புக்குச் சுகமாய் இருந்தது. அந்தச் சுகத்தை அவளால் மன்னிக்கவே முடியவில்லை.

குட்டிகள் வளர்ந்து, அவள் போகுமிடமெல்லாம் உறுமிக்கொண்டு பின்னால் ஓடின. "வைலுமா, ஒன் மவன் கூப்புடுறான் பாரு!" என்று ஆண்கள் கேலி செய்தார்கள். தாரிகோவும் ஒருநாள் அந்தச் சிரிப்பில் சேர்ந்துகொண்டான். அதன்பின் அவள் அவனோடு தேவைக்கு மேல் பேசவில்லை.

பெண் பன்றி சினையானதும் ரொகாபே விருந்து அறிவித்தான். ஆண் பன்றியை வெட்டி அதன் கோரைப்பற்களைத் தன் வாசலில் தொங்கவிடுவதாகச் சொன்னான். மறுநாள் காலை ஆண்கள் பவளத்திட்டுக்கு மீன்பிடிக்கப் போனதும், வைலுமா கட்டியிருந்த கயிற்றை அறுத்து இரண்டையும் காட்டுக்குள் ஓட்டினாள். அவை போகவில்லை. அவள் காலையே சுற்றி வந்தன. கல்லெடுத்து எறிந்தாள். பெண் பன்றியின் காது கிழிந்து ரத்தம் வந்தது. அப்போதும் அது நின்று அவளைப் பார்த்தது. அடுத்த கல்லுக்குத்தான் ஓடியது.

மீன்பிடித்துத் திரும்பிய ரொகாபே கம்போடு வந்தான்.

"எங்கடி பன்னி?"

"வெரட்டிட்டேன். நீங்க சின்னவருதான, இன்னொண்ணு பெத்துக்குங்க."

கம்பு அவள் தோளில் இறங்கியது. "அடிக்காதண்ணே" என்றான் தாரிகோ, நான்காவது அடிக்குப் பிறகு.

காட்டில் அவை பெருகின. கொழுத்த பறவைகளின் முட்டைகள் முதலில் போயின, பிறகு பறவைகளும். பிறகு கூட்டமாய் இறங்கி வந்து சேம்புப் பாத்திகளைக் கிளறின. காட்டோரம் இருந்தது வைலுமாவின் கொல்லைதான். அவள் வைத்த வள்ளிக்கிழங்கில் ஒரு கொடிகூட மிஞ்சவில்லை. வேலி போட்டாள், வேலியைப் பெயர்த்தன. அந்த மழைக்காலம் முழுக்க அவள் சௌலாவின் வீட்டில் கேட்டு வாங்கித் தின்றாள்.

அப்போது மேற்கிலிருந்து இன்னொரு தோணி வந்தது. ரொகாபே அவர்களுக்காகக் காட்டில் ஆறு பன்றிகளைக் குத்திக் கொண்டுவரச் செய்தான். குழியடுப்பைத் திறந்ததும் கறியின் மணம் கரைவரை போனது.

"எல்லாம் நான் கொண்டாந்த பன்னி" என்றான் ரொகாபே. "நடுக்கடல்ல எந் தண்ணியக் குடுத்துக் காப்பாத்துனேன். இன்னிக்குக் காடு பூரா நம்ம பன்னிதான்!"

வந்தவர்கள் தரையைத் தட்டி ஆரவாரித்தார்கள். அடுத்த தீவுக்குக் கொண்டுபோகக் குட்டிகள் கேட்டார்கள். வேண்டிய மட்டும் பிடித்துக்கொள்ளச் சொன்னான். அவனுடைய பெயர் அவர்கள் பாட்டிலும் ஏறியது.

பெண்கள் பந்தியில் வைலுமாவுக்குப் பக்கத்தில் புதிதாய் வந்த ஒருத்தி, இடுப்பில் பிள்ளையோடு, உட்கார்ந்திருந்தாள்.

"நெசமாவாக்கா? தான் குடிக்காம பன்னிக்குக் குடுத்தாராமே?"

எதிரே சௌலா தலையைக் குனிந்துகொண்டாள்.

"பன்னிக்குக் குடுத்தது நெசந்தான்" என்றாள் வைலுமா.

அவள் முன்னால் இலையில் கொழுப்போடு ஒரு துண்டம் விழுந்தது. வயிறு காந்தியது. எடுத்துத் தின்றாள். கறி நன்றாக வெந்திருந்தது.