பச்சையில் இருந்த ரூபன்

அக்டோபர் பிறந்துவிட்டால் ஐலீன் கொஸ்கி டோனட் பெட்டியும் கையுமாகத்தான் கிளினிக்குகளுக்குள் நுழைவாள். வெறுங்கையோடு வந்து பாடம் நடத்தினால் யார் காது கொடுத்துக் கேட்பார்கள்?

அமெரிக்காவின் துலூத் நகரத்து மருத்துவ இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் அவளுக்குத் தரக் கணக்கு எடுக்கும் வேலை. கம்பெனியில் இன்ஷூரன்ஸ் எடுத்திருக்கிறவர்களில் எத்தனை பேருக்கு ரத்தக்கொதிப்பும் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கின்றன என்று வருடா வருடம் அறிக்கை போகும். அதைப் பார்த்து அரசாங்கம் கம்பெனிக்கு நட்சத்திரம் போடும். போன வருடம் மூன்றரை நட்சத்திரத்தில் நின்றுவிட்டது. இந்த வருடம் நான்கு வராவிட்டால் யார் தலை உருளுமோ என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

ஏரிக்கரை கிளினிக்கில் கார்லா என்ற உதவி நர்ஸ் இருந்தாள். நோயாளியை டாக்டரிடம் அனுப்புமுன் கையில் பட்டை சுற்றி பிரஷர் பார்ப்பது அவள்தான்.

"மேல் எண் நூத்திநாப்பதுக்குக் கீழ, கீழ் எண் தொண்ணூறுக்குக் கீழ. ரெண்டும் இருந்தா ஆள் பச்சை, இல்லேன்னா சிவப்பு" என்றாள் ஐலீன். "அதிகமா காட்டினா இன்னும் ரெண்டு தடவை எடு. மூணுல குறைஞ்ச மேல் எண், குறைஞ்ச கீழ் எண், ரெண்டையும் சேர்த்துக் கணக்குல போட்டுக்கலாம்."

"மேல் எண் ஒரு தடவையிலிருந்து, கீழ் எண் இன்னொரு தடவையிலிருந்தா?"

"ஆமா. அரசாங்க விதியிலயே இடம் இருக்கு."

கார்லா டோனட்டைக் கீழே வைத்தாள். "அப்படிப் போட்டா அந்த பிரஷர் அந்த ஆளுக்கு ஒரு நொடிகூட இருந்திருக்காதே, ஐலீன்!"

"உனக்கு ரொம்பத்தான் மூளை!" என்று சிரித்தாள் ஐலீன். "இன்னொண்ணு. வருஷத்துல கடைசியா எடுத்த எண்தான் கணக்கு. ஒருத்தர் பச்சைக்கு வந்துட்டா ஜனவரி வரைக்கும் அவரு கையில பட்டையைச் சுத்தாதே. எதுக்கு வம்பு?"

இதை எந்த விதியும் சொல்லவில்லை. ஐலீனே யோசித்துக் கண்டுபிடித்தது. மேலதிகாரி நோலன் கேட்டுவிட்டு அவளைத் தட்டிக்கொடுத்திருந்தார்.

அடுத்த வாரம் அதே கிளினிக்குக்கு ஐலீனின் கணவன் ரூபன் போனான். மாவட்டச் சாலைகளில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவன். குளிர்காலம் தொடங்குமுன் ஒரு பரிசோதனை. கார்லா மூன்று தடவை எடுத்தாள். கடைசியில் குறைந்த எண்களைக் கோத்துக் கம்ப்யூட்டரில் ஏறியது நூற்று முப்பத்தெட்டுக்கு எண்பத்துநான்கு. ரூபன் பச்சை. அன்று இரவு உப்பில் ஊறிய மீனில் பாதி ஜாடியை ஒரே மூச்சில் காலி செய்தான்.

டிசம்பரில் அவனுக்குப் பிடரியில் வலி வந்தது. காலையில் எழும்போதே மண்டையைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். கிளினிக்குக்குப் போகச் சொன்னவளும் ஐலீன்தான். போய்விட்டு வந்தவன் பனி பூட்ஸைக் கழற்றிக்கொண்டே சிரித்தான்.

"உன் சிநேகிதி கார்லா பட்டையைத் தொடவே இல்ல. 'நீங்க பச்சை, ஜனவரில பாத்துக்கலாம்'ங்கிறா. நான் என்ன டிராபிக் விளக்கா?"

"டாக்டர் பாத்தாரா?"

"கம்ப்யூட்டரைப் பாத்தாரு. பிரஷர் நல்லா இருக்கு, குளிர் தலைவலியா இருக்கும்னு மாத்திரை குடுத்தாரு."

ஐலீனின் வார்த்தைதான் ஊரெல்லாம் சுற்றி, அவள் வீட்டுக்குள்ளேயே வந்து நிற்கிறது. அவள் சூப்பைச் சூடாக்கப் போனாள்.

மறுநாள் ஏரிக்கு மேலே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பெரும் பனிப்புயல் என்று வானொலியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ரூபனுக்கு மதிய வேலை. நாற்காலியிலிருந்து எழுந்தவன் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் நின்றான். ஐலீன் அதைப் பார்த்துவிட்டாள். கிளினிக்குகளில் பாடம் நடத்தக் கொண்டுபோகும் பையிலிருந்து பட்டையை எடுத்து வந்தாள்.

நூற்று எண்பத்தாறுக்குத் தொண்ணூற்றாறு.

"பேசாதே. காலைத் தரையில வை" என்றாள்.

"சரி நர்சம்மா. உனக்குப் பிடிச்ச நம்பர் வர்ற வரைக்கும் எடு. ஊருக்கெல்லாம் அதைத்தானே சொல்லிக் குடுக்கிறே?"

நூற்று எழுபத்திரண்டுக்கு நூற்றெட்டு. மூன்றாவது தடவை நூற்று அறுபத்துநான்குக்கு நூற்றுநான்கு.

அங்கேதான் அவள் புத்தி பழைய தடத்தில் ஓடியது. குறைந்த மேல் எண் நூற்று அறுபத்துநான்கு, குறைந்த கீழ் எண் தொண்ணூற்றாறு. இரண்டையும் கோத்துப் பார்த்தாள். சிவப்புதான், ஆனால் பயப்படும்படியான சிவப்பாகத் தெரியவில்லை. மூன்று தடவையும் அலறிய கருவியை விட்டுவிட்டு, எந்தத் தடவையும் வராத ஒரு எண்ணை அவள் நம்பினாள். வேறொரு பெண் தன் கணவனை அப்படிப் பார்த்திருந்தால் உடனே காரில் ஏற்றியிருப்பாள்.

"குறைஞ்சுக்கிட்டுதான் வருது. நாளைக்கு முதல் வேலையா டாக்டர்கிட்ட போறோம். இன்னிக்கு லீவு போடேன்?"

"இந்தப் பனியில ரோட்டை யார் தள்ளுவா? நீயா?" அவள் நெற்றியில் முத்தமிட்டுவிட்டுப் போனான். அவள் தடுக்கவில்லை.

ஏரிக்காற்று ஜன்னலை உலுக்கியது. பகலிலேயே தெருவிளக்குகள் எரிந்தன. லாரி எதுவும் போகாமல் தெருவில் பனி ஏறிக்கொண்டே இருந்தது. ஐலீன் ஜன்னலுக்கும் அடுப்புக்குமாக நடந்தாள். பட்டை மேசைமேல் கிடந்தது. எடுத்து உள்ளே வைக்கக் கை வரவில்லை.

தொலைபேசி அடித்தபோது, எடுக்குமுன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

லாரி வேகமாகப் போய் மோதவில்லை. மெல்ல ஊர்ந்து சாலையோரத் தடுப்புக் கம்பியில் சாய்ந்து நின்றிருக்கிறது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பனி தள்ளும் தகடு இறங்கியபடியே இருந்தது. உள்ளே ரூபன் ஸ்டியரிங்மேல் சரிந்து கிடந்தான். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. உயிர் தங்கியது. வலது கையும் காலும் போயின, பேச்சும் போனது. டிராபிக் விளக்கா என்று கேட்டுச் சிரித்த வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. ஐலீனைப் பார்க்கும்போதெல்லாம் அவன் கண்ணில் நீர் வழிந்தது. அவன் எதை நினைத்து அழுகிறான் என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் பயமாக இருந்தது.

கிறிஸ்துமஸ் முடிந்து நோலன் பூங்கொத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். கெட்டவர் இல்லை. கண் கலங்கினார், எத்தனை நாள் லீவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். கிளம்பும்போது ஆறுதலாக நினைத்து ஒன்று சொன்னார்.

"நம்ம கணக்கைப் பத்திக் கவலைப்படாதீங்க ஐலீன். ஆஸ்பத்திரில எடுக்கிற பிரஷர் அதுல சேராது. அக்டோபர்ல எடுத்ததுதான் நிக்கும். ரூபன் இன்னும் பச்சைதான்."

ஐலீன் கட்டிலைப் பார்த்தாள். கஞ்சி வழியும் வாயோடு படுத்திருக்கிற தன் கணவன், கம்பெனியின் அறிக்கையில் நல்லபடியாகக் குணமாக்கப்பட்ட மனிதன். அவனும் சேர்ந்துதான் நான்காவது நட்சத்திரத்தைத் தூக்கிப் பிடிக்கப்போகிறான்.

வருடம் முடியுமுன் ஒரு காலையில் ஏரிக்கரை கிளினிக்குக்குப் போனாள். கையில் டோனட் இல்லை. அவளைப் பார்த்ததுமே கார்லா அழத் தொடங்கினாள்.

"நான் அன்னிக்குப் பட்டையைச் சுத்தியிருக்கணும் ஐலீன். தலைவலின்னு வந்த மனுஷன்..."

"நான்தானே சுத்தாதேன்னேன். அழாதே, உட்காரு. வீட்டு மெஷின்ல எடுத்ததும் கணக்குல சேரும், தெரியும்ல? புயல் அன்னிக்கு நான் எடுத்தேன். மூணு தடவை. மூணையும் அப்படியே ஏத்து. ரூபனைச் சிவப்பாக்கு."

"கம்பெனியில கேப்பாங்களே."

"கேக்கட்டும். நானே எடுத்தேன், நானே மறைச்சேன்னு சொல்றேன்."

கார்லா ஏற்றினாள். திரையில் ரூபன் கொஸ்கி என்ற பெயர் சிவப்பாக மாறியது. ஐலீன் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பல நாட்களுக்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு உண்மை அங்கே இருந்தது.

"ஒருத்தருக்கு உடம்பு எப்படி இருக்குன்னு தெரிஞ்சுக்கத்தான் அளக்கிறோம் கார்லா. கம்பெனி நல்ல பேர் வாங்க அளக்க ஆரம்பிச்சா, ஆளு சாகிற வரைக்கும் எண் அழகாத்தான் இருக்கும். அந்த அழகை ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுத்தவ நான். இனிமே ஒவ்வொரு கிளினிக்கா போய் நானே திருப்பிச் சொல்லணும். வர்ற எண்ணை எழுதுங்க. நட்சத்திரம் போனா போகட்டும்."

கார்லா மூக்கை உறிஞ்சிக்கொண்டு கதவுப் பக்கம் பார்த்தாள். "வெளிய ஒருத்தர் உட்கார்ந்திருக்காரு. தலை சுத்துதாம். ஆனா அவரு..."

"பச்சையா?"

கார்லா தலையை ஆட்டினாள்.

"எழுந்திரு. போய்ப் பட்டையைச் சுத்து" என்றாள் ஐலீன்.