பெயர்ப்பெட்டி வரை ஒரு சுற்று

பகலுணவு முடிந்து, தட்டைக் கழுவிக் கவிழ்த்தபின், சுற்றுக்காரர் தம் காவற்பணிக்குப் புறப்படுவார். புறப்படுவதென்றால், சாப்பாட்டு மேசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்ந்து அமர்வதுதான். அங்கே மகள் விட்டுச்சென்ற பழைய கணினி இருந்தது. அதைத் திறப்பதற்கு முன் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொள்வார். ஒருவர் பார்வையில் படப்போகும்போது திறந்த மார்போடு நிற்பது முறையன்று என்பது அவர் கொள்கை.

திரையில் வருவது, காயம்பட்ட நாய்களைப் பேணும் காப்பகம் ஒன்றின் நன்கொடைப் பக்கம். முகப்பில், ஒரு காதில் கட்டுப்போட்ட பழுப்பு நாயின் படம்.

"என்னடா, காது தேவலையா?" என்று அதனிடம் கேட்டுவிட்டு, கீழே உள்ள பொத்தானை அழுத்துவார். அடுத்துத் தோன்றும் தொகைகளுள் மிகச் சிறியதைத் தொடுவார். அதற்கடுத்துப் பெயர்ப்பெட்டி வரும். அதில் ஒற்றை விரலால் எழுத்துகளைத் தேடித் தேடி, 'அப்பா' என்று பதிப்பார். ஒரு மூச்சுவிடும் நேரம் காத்திருப்பார். பிறகு பின்னோக்கிய அம்புக்குறியை அழுத்தி, வந்த வழியே திரும்பிவிடுவார். நாய்க்குத் தம்மால் இயன்றதை அவர் முதல்நாளே கொடுத்துவிட்டார். அதன்பின் வந்ததெல்லாம், தாம் இருப்பதை மகளுக்குத் தெரிவிப்பதற்காக மட்டுமே.

இதில் அவருக்கு விசித்திரம் ஏதும் தோன்றவில்லை. வாழ்நாள் முழுவதும் ஓர் ஆலையில் காவலராக இருந்தவர் அவர். அந்த ஆலையின் ஒவ்வொரு மூலையிலும் ஒரு சாவி சங்கிலியில் தொங்கும். தோளில் மாட்டிய கனத்த கடிகாரத்தில் அந்தச் சாவியை நுழைத்துத் திருப்பினால், உள்ளே இருக்கும் தாளில் ஒரு புள்ளி விழும். காலையில் மேலாளர் தாளை எடுத்துப் பார்ப்பார். புள்ளிகள் இருந்தால் ஒரு சொல்லும் இல்லை. ஒரு புள்ளி குறைந்தாலோ, "என்னய்யா ஆச்சு உமக்கு?" என்று ஆள் வந்துவிடும். பாராட்டுக்கு வழியில்லாத வேலைதான். ஆயினும், தாம் இருப்பதும் இல்லாததும் ஒருவருக்குத் தெரிந்தே தீரும் என்னும் உறுதி அதில் இருந்தது. சுற்றுக்காரர் என்ற பெயரும் அங்கே ஒட்டிக்கொண்டதே. ஆலையை மூடிய பிறகும் பெயரை யாரும் மூடவில்லை.

மனைவி இருந்தவரை வீட்டுத் தொலைபேசி மனைவியுடையது. தாய்க்கும் மகளுக்கும் பேச்சு ஓயாது. முடிவில், "இரு, அப்பாகிட்ட குடுக்கறேன்" என்று கருவி கைமாறும்.

"எப்படிப்பா இருக்கீங்க?"

"இருக்கேன். நீ?"

"இருக்கேன்பா."

"சரி, அம்மாகிட்ட குடுக்கறேன்."

இவ்வளவே. ஒரே இரத்தம், ஒரே பிடிவாதம், நல்ல அறிவுள்ள இரண்டு மனிதர். இவர்களிடையே ஓடிய மொத்த உரையாடலும் ஒரு தும்மலுக்குள் அடங்கிவிடும்! மனைவி போனபின், கருவியைத் திருப்பிக் கொடுக்க வீட்டில் ஆளில்லை. விடுமுறை நாள்களில் மகள் அழைப்பாள்; அதுவும் அந்த இரண்டு வரியோடு முடிந்துவிடும்.

அந்தச் சாவுக்கு வந்த மகள் சில வாரங்கள் தங்கினாள். தங்கினாளே தவிர, ஓய்ந்திருக்கவில்லை. காப்பகத்தார் கொடுத்த வேலையை இந்த மேசையிலேயே பரப்பிக்கொண்டு, விசைப்பலகையைத் தட்டிய வண்ணம் இருந்தாள். தகப்பனும் எத்தனை நாள்தான் எதிரில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பார்?

"அதுல என்னம்மா பண்றே?"

"நன்கொடைப் பக்கத்துக்குக் கணக்கு வைக்கறேன்பா. யாராவது உள்ள வந்தா, எதை அழுத்தறாங்க, எந்த இடத்துல மனசு மாறித் திரும்பிப் போறாங்க, எல்லாத்தையும் இது எனக்குக் காட்டிடும்."

"யார் வந்தாலுமா?"

"ஒரே ஒருத்தர் வந்தாலும் தெரியும்."

"நீ ஊருக்குப் போனப்புறம்?"

"நான் எங்க இருந்தாலும் தெரியும்பா."

அவர் தலையை மெல்ல அசைத்தார். சாவி, கடிகாரம், தாள், மேலாளர் எல்லாம் அவர் மனத்தில் தத்தம் இடத்தில் போய் அமர்ந்துகொண்டன. மகள் தானே நன்கொடையாளராக நடித்து, பொத்தான்களை ஓயாமல் அழுத்திக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, நாய்க்கு நீயே இத்தனை தடவை குடுத்தா, அது மாடிவீடு கட்டிடுமே!"

"இது பொய்க் காசுப்பா. சரியா எண்ணுதான்னு சோதிக்கறேன்" என்றவள் சிரித்துவிட்டாள். தாய் இறந்தபின் அவள் சிரித்தது அப்போதுதான்.

புறப்படும் நாளில், பெட்டிகள் வாசலுக்குப் போனபின்னும், அவள் நின்றவாறே கணினியில் எதையோ கடைசியாகத் திருத்தினாள். "அவ்வளவுதான், சுத்தமாச்சு" என்று சொல்லி மூடினாள். பிறகு, அந்தக் கணினியைத் தகப்பனுக்கே விட்டுவிட்டுப் போனாள்.

மறுநாளே அவர் தம் முதற்சுற்றைத் தொடங்கிவிட்டார். எப்போதும் ஒரே இடத்தில் திரும்புவதும் ஓர் ஏற்பாடே. ஊரில் எத்தனையோ பேர் அந்தப் பக்கத்துக்கு வரலாம். பெயர்ப்பெட்டி வரை வந்து, ஒரு மூச்சுவிட்டுத் திரும்புகிறவர் ஒருவரே என்றால், அவர் யாரென்று பெற்ற மகளுக்குத் தெரியாதா?

இதை அவர் வெளியாரிடம் சொல்லவில்லை. எதிர்வீட்டுக் கீழ்த்தளத்தில் கைப்பேசி பழுதுபார்க்கும் கடைக்காரர் மட்டும், கணினியின் சுட்டியைச் சரிசெய்ய வந்துபோனதில் திரையைப் பார்த்துவிட்டார்.

"என்ன மாமா, எப்ப வந்தாலும் இந்த நாய் மூஞ்சியாவே இருக்கு? குடுக்கப் போறீங்களா, இல்ல வேடிக்கையா?"

"என் மகள் பாக்கற பக்கம் இது. நான் வந்தா அங்க தெரியும்."

"ஒரு போன் போட்டா தீர்ந்துது. இதுக்கு நாயோட சிபாரிசு எதுக்கு?"

"போன் போட்டா பேசணும்ல?"

கடைக்காரர் திருப்புளியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு, கூலி வாங்காமல் கிளம்பிவிட்டார்.

மழை தொடங்கிய வாரத்தில் சுற்றுக்காரருக்குக் காய்ச்சல் கண்டது. படுக்கையறையிலிருந்து மேசைவரை எழுந்து நடக்க முடியவில்லை. அன்று பகல் சுற்று தவறியது. போர்வைக்குள் கிடந்தவாறு, தொலைபேசி ஒலிக்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். ஒலிக்கவில்லை. வேலை மிகுதியாக இருக்கும், நாளைக்குப் பார்ப்பாள் என்று எண்ணினார். மறுநாளும் அப்படியே கழிந்தது. பக்கத்து வீட்டுக் குழாயில் நீர் விழும் ஓசை ஒருமுறை மணியோசைபோல் கேட்டது. எழுந்து, சுவரைப் பிடித்து நடந்து, கருவியை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். உள்ளே வெறும் இரைச்சல்.

காய்ச்சல் தணிந்தபோது வேறொரு சூடு ஏறியிருந்தது. ஊதியம் கொடுத்த மேலாளர், உறவுமில்லை ஒட்டுமில்லை, ஒரு புள்ளி குறைந்ததற்கு ஆளனுப்பினார்! தோளில் தூக்கிச் சுமந்த மகளுக்கு, தகப்பன் வராத நாள்கள் வந்த நாள்களைப் போலவே இருந்தனவா? நன்றாக இருக்கிறது நியாயம்! கணினியின்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினார். இனி அவளாகக் கேட்கட்டும் என்று உறுதி பூண்டார். பகலுணவுக்குப் பிறகு மேசையின் இந்த முனையிலேயே உட்கார்ந்திருந்தார். துண்டு அந்த முனையில் கிடந்தது. வீட்டில் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு பேசாமலிருப்பதுபோல் இருந்தது.

விடுமுறை நாளில் மகள் வழக்கம்போல் அழைத்தாள்.

"எப்படிப்பா இருக்கீங்க?"

"ஏன், உனக்குத் தெரியாதா?"

"என்னப்பா, கோவமா?"

"இந்த வாரம் நான் வரவே இல்லை. கவனிச்சியா?"

"எங்க வரலை?"

"எங்கயா! நாய்கிட்டதான்."

"எந்த நாய்கிட்ட?" என்றாள் மகள். பிறகு, கேள்விமேல் கேள்வியாகக் கேட்டு, அவள் முழுவதையும் வாங்கிக்கொண்டாள். பொத்தான், சிறிய தொகை, பெயர்ப்பெட்டி, மூச்சுவிடும் நேரம்.

"தினமுமா வந்தீங்க?"

"வெயிலானாலும் மழையானாலும்."

"வீட்டுக்குள்ளதானேப்பா?"

"வீட்டுக்குள்ளன்னா ஒழுங்கு வேண்டாமா?"

அவள் சிரிக்கவில்லை. "அப்பா, நம்ம வீட்டை நான் கணக்குலேர்ந்து நீக்கிட்டேன்" என்றாள்.

"நீக்கிட்டியா?"

"அங்க உக்காந்து எத்தனை தடவை அழுத்திப் பாத்தேன்! அதெல்லாம் நிஜமா வர்றவங்களோட கலந்துடக் கூடாதுல்ல? அதனால, இந்த வீட்டு இணைப்புலேர்ந்து எது வந்தாலும் எண்ணாதேன்னு சொல்லிட்டுத்தான் கிளம்பினேன். இந்த வேலையில எல்லாரும் அப்படித்தான் செய்வோம். திருப்பி மாத்தணும்னே தோணலை. அங்கேர்ந்து யார் வரப்போறாங்கன்னு..."

அந்த வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை.

"அப்ப, பேர் எழுதினேனே?"

"என்ன பேர்?"

"பெட்டியில, 'அப்பா'ன்னு."

"யார் என்ன எழுதறாங்கன்னு நான் பாக்கக் கூடாதுப்பா. பெட்டிவரைக்கும் ஒருத்தர் வந்தாரு, போனாரு, அவ்வளவுதான் எனக்கு." அவள் மூக்கை உறிஞ்சும் ஓசை கேட்டது. "நல்லவேளை எண்ணலை. தினமும் ஒருத்தர் பெயர்ப்பெட்டி வரைக்கும் வந்து திரும்பிப் போறதைப் பாத்திருந்தா, பெட்டியிலதான் ஏதோ கோளாறுன்னு அதையே தூக்கியிருப்பேன்."

"தூக்கியிருந்தா நான் எங்க போய்த் திரும்பறது?" என்றார் அவர், உண்மையான கவலையோடு.

"இந்த வாரம் ஏன் வரலை?"

"காய்ச்சல்."

"சொல்ல வேண்டியதுதானே!"

"சொன்னேனே. வராம இருந்து சொன்னேன்."

மறுமுனையில் நாற்காலி இழுபடும் ஓசை கேட்டது. பிறகு, அவள் விசைகளைத் தட்டும் ஓசை எழுந்தது. "வீட்டைச் சேத்துட்டேன். இப்பத் திறங்கப்பா" என்றாள்.

அவர் கருவியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, துண்டை எடுத்தார். பொத்தானைக் கழுத்துவரை போட்டார். நாய் வந்தது. காதில் கட்டு அப்படியே இருந்தது. அவர் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தார்.

"இன்னும் காட்டலை. இருங்க."

"இருக்கேன்."

"ஒண்ணு!" என்று மகள் கூவினாள். "அப்பா, ஒண்ணுன்னு காட்டுது! வந்துட்டீங்க!"

அவர் கழுத்துப் பொத்தானை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். தலையைத் திரைக்கு நேரே நிமிர்த்தி வைத்துக்கொண்டார்.

"அடடா" என்றாள் அவள், சற்றுக் கழித்து. "ரெண்டு ஆயிடுச்சு. வேற யாரோ வந்துட்டாங்க."

"அதுல நான் யாரு?"

"தெரியலைப்பா. எண்ணிக்கை மட்டும்தான் வரும். மூஞ்சி வராது."

"சட்டை போட்டிருக்கறவன் நான்தான்னு வச்சுக்க."

இம்முறை அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறாகத் திரும்பியதும் அவருக்குக் கேட்டது. அதற்குமேல் என்ன பேசுவதென்று இருவருக்கும் தெரியவில்லை. ஆனால், யாரும் வைத்துவிடவுமில்லை. மகள் நகரத்தில் ஒரு திரையையும், தகப்பன் இங்கே ஒரு நாயையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"காப்பகத்துலேர்ந்து கூப்பிடறாங்கப்பா. வைக்கணும்" என்றாள். பிறகு, தயங்கினாள். "நீங்க தினமும் வந்து திரும்பிப் போனா, அவங்க கணக்கு குழம்பிப் போயிடும். வீட்டைத் திரும்பவும் கணக்குலேர்ந்து எடுத்துடட்டுமா?"

ஆலையில் சுற்றாமலே பொய்ப்புள்ளி போட்ட காவலர் ஒருவரை முன்பு அவரே காட்டிக்கொடுத்திருக்கிறார்.

"எடுத்துடு. கணக்கு கணக்குதான்."

"இப்ப இல்ல. கொஞ்சநேரம் இருக்கட்டும். அப்புறமா எடுக்கறேன். நாளைக்கு நானே கூப்பிடறேன், சரியா?"

"சரி."

அழைப்பு முடிந்தது. சுற்றுக்காரர் இடத்தைவிட்டு நகரவில்லை. கொஞ்சநேரம் என்று அவள் சொன்னது எவ்வளவு நேரம் என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை. தாம் இப்போது எண்ணப்படுகிறாரா, எடுத்தாயிற்றா என்பதைத் திரை சொல்லவில்லை. இரண்டு நிலையிலும் அதே நாய், அதே பொத்தான். எதிர்க்கடையின் இரும்புக் கதவு பாதி இறங்கி, மீண்டும் ஏறியது. கடைக்காரர் தெருவிலிருந்து, "என்ன மாமா, உடம்பு தேவலையா?" என்று குரல் கொடுத்தார். சுற்றுக்காரர் திரையிலிருந்து பார்வையை எடுக்காமலே கையை மட்டும் உயர்த்திக் காட்டினார்.

சிறிது நேரத்தில் திரை மங்கத் தொடங்கியது. அது அணைந்துவிடாதவாறு அவர் ஒரு விசையை மெல்லத் தொட்டார். வெளிச்சம் திரும்பியது. மறுபடியும் மங்கியது. மறுபடியும் தொட்டார்.