பிரதீபா டீச்சரின் மாதிரி வாக்கியம்

பிரதீபா டீச்சர் எதற்காக ஹெல்மெட் போடுகிறாள் என்று அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பூதலூரிலிருந்து வாய்க்கால் கரையோரமாக ஸ்கூட்டியில் வரும்வரை அது காலடியில்தான் கிடக்கும். பஸ் ஸ்டாப்புக்கு நூறு அடி முன்னால் வண்டியை நிறுத்தி, மாட்டிக்கொண்டு, கண்ணாடியையும் இறக்கிவிட்டுக்கொண்டு கிளம்புவாள். பஸ் ஸ்டாப்பில் போலீஸ் கிடையாது. திருமுருகனின் மீன் கடைதான் இருக்கிறது. திருமுருகன் அவள் கூடப்பிறந்த தம்பி.

பத்து வருடத்துக்கு முன்பு நாகப்பட்டினத்துக்குப் படிக்கப் போனவன், வேளாங்கண்ணிப் பக்கத்து மீனவர் வீட்டுப் பெண் சுடர்விழியைக் கட்டிக்கொண்டு வந்து நின்றான். எட்டு ஏக்கர் நஞ்சை வைத்திருந்த அப்பா, "எனக்கு ஒரே பிள்ளை, அது பிரதீபா" என்று கதவைச் சாத்தினார். பிரதீபா உள்ளே நின்றுகொண்டிருந்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. தம்பி பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இந்த ஊருக்கு வந்து, விடியற்காலை வேனில் இறங்கும் கடல் மீனை மனைவியோடு உட்கார்ந்து விற்று, நன்றாகத்தான் இருக்கிறான்.

போன வருடம் இடமாறுதல் கலந்தாய்வில் மூன்று ஊர்கள் காலியாக இருந்தன, இந்த ஊர் அதில் ஒன்று. மற்ற இரண்டுக்கும் இரண்டு பஸ் மாற வேண்டும். தம்பி மகள் குந்தவை மூன்றாம் வகுப்பில் தன் முன்னாலேயே வந்து உட்காருவாள் என்று டீச்சர் யோசிக்காமலா இருந்திருப்பாள்? யோசித்திருப்பாள். இரண்டு பஸ் அதைவிடப் பெரிதாகத் தெரிந்திருக்கும்.

வந்த முதல் வாரமே ஊருக்குத் தெரிந்துவிட்டது. அக்காளுக்கும் தம்பிக்கும் ஒரே மூக்கு. அதை எந்த ஹெல்மெட் மறைக்கும்? ஆனால் ஊருக்குத் தெரியும் என்பது டீச்சருக்குத் தெரியாது. "பள்ளிக்கூடத்துல டீச்சர்னுதான் கூப்பிடணும்" என்று வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். குந்தவையும் அப்படியே கூப்பிட்டாள்.

அந்த வாரம் இங்கிலீஷில் குடும்பப் பாடம். முதலில் டீச்சர் தன் குடும்பத்தைச் சொல்லிக் காட்ட வேண்டும், பிறகு பிள்ளைகள் தங்கள் குடும்பத்தைச் சொல்ல வேண்டும். பயிற்சியில் சொல்லிக்கொடுத்த முறை அது. டீச்சர் தன் வீட்டுக் கிரகப்பிரவேசப் படத்தைக் கொண்டுவந்தாள். "திஸ் இஸ் மை ஃபாதர். திஸ் இஸ் மை மதர்." ஒவ்வொரு முகத்துக்குக் கீழேயும் ஒரு சொல் அட்டையை வைத்தாள். கடைசியில் கையில் ஓர் அட்டை மிஞ்சியது.

"டீச்சர், பிரதர் அட்டைக்கு ஆளக் காணோமே! உங்களுக்குத் தம்பி இல்லையா டீச்சர்?" என்றான் சேரன். முன்வரிசைப் பையன், கேள்வி கேட்பதற்கென்றே பிறந்தவன்.

சும்மா உட்காரு என்று சொல்லியிருக்கலாம். பதினொரு பிள்ளைகளில் பத்துப் பேர் அவளைப் பார்த்தார்கள். குந்தவை மேசையைப் பார்த்தாள். டீச்சர் சாக்பீஸை எடுத்தாள்.

"இல்லாத ஆள எப்படிச் சொல்றது? இப்படிச் சொல்லணும். ஐ ஹேவ் நோ பிரதர். எல்லாரும் சொல்லுங்க."

எல்லாரும் சொன்னார்கள். குந்தவையும் சொன்னாள், கணீரென்று. தன் வாயால் சொன்னபோது உறைக்காதது, அந்தப் பிள்ளையின் வாயிலிருந்து வந்தபோது டீச்சருக்கு உறைத்தது. அவள் திரும்பிக்கொண்டு கரும்பலகையைத் துடைத்தாள். எழுத்து போன பிறகும் துடைத்தாள்.

பக்கத்துச் சமையலறையில் சாம்பார் கிளறிக்கொண்டிருந்த சத்துணவு ராசம்மாளுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் நோ தெரியும், பிரதர் தெரியும். முட்டை உரித்து முடிப்பதற்குள் சேதி பஸ் ஸ்டாப்புக்குப் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம். பிள்ளைகள் தங்கள் குடும்பத்தைச் சார்ட்டில் வரைந்து, இங்கிலீஷில் சொல்லிக் காட்ட வேண்டும். தலைமையாசிரியர் மெஹராஜ் பேகம் நடுவில் உட்கார்ந்திருந்தார். கடைசி வரிசையில் திருமுருகனும் சுடர்விழியும். அவன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தான், தலை ஈரம்கூடக் காயவில்லை. மீன் வாடை வரக்கூடாதென்று குளித்துவிட்டு வந்திருக்கிறான். அது யாருக்காக என்று புரிந்ததும் டீச்சருக்கு அந்தப் பக்கம் திரும்பவே முடியவில்லை.

குந்தவை வந்து நின்றாள். "திஸ் இஸ் மை ஃபாதர். திஸ் இஸ் மை மதர். திஸ் இஸ் மை பிரதர்." விரலை வரிசையாக நகர்த்தியவள், ஆள் இல்லாத வெற்றிடத்தில் கொண்டுபோய் வைத்தாள். அதன் கீழே அழகான கையெழுத்தில் எழுதியிருந்ததைப் படித்தாள்.

"ஐ ஹேவ் நோ ஆன்ட்டி."

பிள்ளை குத்திக்காட்டவில்லை. இல்லாத ஆளை எப்படிச் சொல்வதென்று படித்தாள், சொன்னாள். டீச்சர் பாராட்டப்போகிறாள் என்று நிமிர்ந்து நின்றாள். பெண்கள் வரிசையில் யாரோ புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்கள். யாரும் கை தட்டவில்லை.

திருமுருகன் எழுந்துவிட்டான். "நான் சொல்லிக் குடுக்கலக்கா! சத்தியமா நான் சொல்லிக் குடுக்கலக்கா!"

பத்து வருடம் கழித்து அவன் வாயிலிருந்து வந்த முதல் அக்கா, மன்னிப்புக் கேட்பதுபோல வந்தது.

டீச்சர் தலைமையாசிரியர் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னாள்: "மேடம், பிள்ளை மேல தப்பு இல்ல. நாந்தான் தப்பாச் சொல்லிக் குடுத்தேன். அவன் என் தம்பி."

"தெரியுமே டீச்சர்" என்றார் மெஹராஜ் பேகம், டீ ஆறிவிட்டது என்று சொல்கிற குரலில். "நீங்க வந்து சேர்ந்த வாரமே தெரியும்."

டீச்சர் நிமிர்ந்து பார்த்தாள். ஒரு முகத்திலும் ஆச்சரியம் இல்லை. அப்படியென்றால் இத்தனை மாதம் நூறு அடி முன்னால் வண்டியை நிறுத்தியதையும் பார்த்திருக்கிறார்கள். பார்த்துவிட்டு, மறுநாள் காலையில் "வணக்கம் டீச்சர்" என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

வாசலில் கரண்டியோடு நின்ற ராசம்மாளுக்கு வாய் சும்மா இருக்குமா? "தொட்டில்ல போடுற அன்னிக்கு அத்தக்காரிதான் பிள்ள காதுல பேரச் சொல்லணும். ஆள் விட்டுச் சொல்லியனுப்பிச்சாங்க, வரல. நாந்தான் மூணு வாட்டி சொன்னேன், குந்தவ, குந்தவன்னு. அன்னிக்கு டீச்சருக்கு என்ன வேலையோ!"

அன்றைக்கு டீச்சருக்கு ஒரு வேலையும் இல்லை. வீட்டில்தான் இருந்தாள். டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். அது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

"விடுக்கா" என்று ராசம்மாளை அடக்கிவிட்டு சுடர்விழி முன்னால் வந்தாள். அழுகையும் இல்லை, கோபமும் இல்லை. மகளின் கலைந்த ரிப்பனைக் கட்டிவிட்டாள்.

குந்தவைக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. "டீச்சர், நான் தப்பா எழுதிட்டேனா? மாத்தி எழுதணுமா?"

"மாத்தணும்மா."

"என்னன்னு எழுதணும்?"

டீச்சர் வாயைத் திறந்தாள். ஐ ஹேவ் என்று தொடங்கினால் போதும், மிச்சத்தைப் பிள்ளையே சொல்லிவிடும். ஆனால் பார்வை சுடர்விழியிடம் போய் நின்றுவிட்டது. உத்தரவு கேட்கிற பார்வை.

"அத நீங்க சொல்லிக் குடுக்க வேணாம் டீச்சர்" என்றாள் சுடர்விழி. "அவளுக்கா எப்பத் தோணுதோ அப்ப எழுதட்டும். அவசரமில்ல." கணவனிடம் திரும்பி, "வாங்க, கடையில ஐஸ் கரைஞ்சிரும்" என்றாள். திருமுருகன் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

கூட்டம் முடிந்ததும் எல்லாப் பிள்ளைகளின் சார்ட்டையும் சுவரில் ஒட்டினார்கள். "இத மட்டும் விட்டுருங்களேன், அதிகாரிங்க வந்தா என்ன ஏதுன்னு கேப்பாங்க" என்றார் மெஹராஜ் பேகம்.

"இருக்கட்டும் மேடம். கேட்டா நான் சொல்லிக்கிறேன்" என்று டீச்சரே நான்கு மூலையிலும் டேப் ஒட்டினாள்.

அது நடந்து ஒன்றரை மாதம் ஆகிறது. குறுவை அறுவடைகூட முடிந்துவிட்டது. குந்தவை இன்னும் மாற்றி எழுதவில்லை. டீச்சர் தினம் காலையில் வகுப்புக்குள் நுழைந்ததும் முதலில் அந்தச் சுவரைத்தான் பார்க்கிறாள், பிறகுதான் வருகைப் பதிவேட்டை எடுக்கிறாள். ராசம்மாள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள்.