ஊசிக்கு ஒத்துவராத வேண்டுதல்

போன பௌர்ணமிக்கு என் வீட்டுக்காரர் மலையைத் தப்பாகச் சுற்றினார். கிரிவலத்தில் மலை எப்போதும் வலது கைப்பக்கம் இருக்க வேண்டும். அடி அண்ணாமலையிலேயே பிறந்து வளர்ந்த மனுஷன், அதை இடது பக்கம் வைத்துக்கொண்டு, எதிரே வந்த கூட்டத்தையெல்லாம் இடித்துக்கொண்டு நடந்திருக்கிறார். தெரிந்த ஆட்டோக்காரர் ஒருவர்தான் வீட்டில் கொண்டுவந்து விட்டார். "வீடு எங்கனு கேட்டா முழிக்கிறாரும்மா," என்றார்.

சாவியைத் தொலைப்பது, குளித்துவிட்டு வந்து மறுபடி குளிக்கப் போவது எல்லாம் முன்பே இருந்ததுதான். சென்னையிலிருக்கும் எங்கள் மகன் விமல்ராஜ், போனில் வந்த விளம்பரத்தைப் பார்த்து ஞாபகசக்திக்கு மூலிகை மாத்திரை வாங்கி அனுப்பியிருந்தான். டப்பா மேல் ஒரு மூளை, அதிலிருந்து மின்னல் வேறு. அதை வேளை தவறாமல் விழுங்கிவிட்டுத்தான் மனுஷன் திசை மாறிப் போனார்.

விளம்பரத்தை நம்பியது போதும் என்று டவுனுக்கு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். கவிநிலா என்று சின்ன வயசு டாக்டரம்மா. ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "பி12 ரொம்பக் கம்மியா இருக்கு. பால், முட்டை, கறி எதுவுமே சாப்பிட மாட்டாரா?" என்று கேட்டாள்.

"சாமிக்கு வேண்டிக்கினு எல்லாத்தையும் விட்டுட்டாருங்க. பல வருஷமாச்சு."

"செடிகொடியில இந்தச் சத்து கிடைக்காதும்மா. ஊசி போடலாம். மறதி பூரா போயிடும்னு சொல்ல மாட்டேன். போடாம விட்டா ஜாஸ்தி ஆகும்."

நான் தலையாட்டுவதற்குள் இவர் எழுந்துவிட்டார். "பால்ல இருக்கறதுதானே ஊசியில வருது? வாய் வழியா போனா என்ன, கை வழியா போனா என்ன?"

இது பாலிலிருந்து எடுப்பதில்லை என்று டாக்டரம்மா எவ்வளவோ சொன்னாள். இவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். வீட்டு வழி மறந்த மனுஷனுக்கு வேண்டுதல் மட்டும் மறக்கவில்லை.

எதற்காக வேண்டிக்கொண்டார் என்று யாருக்கும் தெரியாது. வேண்டுதலை வெளியே சொன்னால் பலிக்காது என்பார்கள். அந்த வருஷம் விமல்ராஜுக்கு வேலை கிடைத்ததால், அதற்காகத்தான் என்று நானாக நினைத்திருந்தேன்.

மறுநாள் காலையில் இட்லித் தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு, நான் சாப்பிடாமல் உட்கார்ந்தேன்.

"நீ சாப்புடல?"

"நீங்க ஊசி போட்டுக்கற வரைக்கும் பச்சத் தண்ணி தொட மாட்டேன்."

எனக்குச் சர்க்கரை. ஒரு வேளை தவறினாலே கை நடுங்கும். அது அவருக்கும் தெரியும். முதலில் முறைத்தார். பிறகு திட்டினார். மத்தியானம் என் கை நடுங்க ஆரம்பித்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, வெல்லத்தை எடுத்து வாயில் வைக்கப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

"சாப்புடு உண்ணாமலை. உனக்காகத்தான் எல்லாத்தையும் விட்டேன்," என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"வேலூர்ல உனக்கு ஆபரேஷன் பண்ணப்போ டாக்டர் கைய விரிச்சிட்டாரு. உன்கிட்ட சொல்லல. அன்னிக்கு வேண்டிக்கினேன். இப்ப மீறினா உனக்கு ஏதாவது ஆயிடும்."

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. இத்தனை வருஷமும் இந்த மனுஷன் மோரில்லாத சோற்றைத் தின்றது எனக்காகவா?

"நான் பொழைச்சிட்டேங்க. பொழைச்சு என்ன பிரயோஜனம்? நாளைக்கு நீங்க என்னையே பார்த்து யாரும்மா நீனு கேட்டா?"

வெல்லம் அவர் விரலில் பிசுபிசுத்தது. வெகுநேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சட்டைய எடு," என்றார். "ஊசி போட்ட கையோட நீ சாப்புடணும்."