இஸ்ஸாவின் முறை

குடத்தோடு மடைக்கு ஏறிக்கொண்டிருந்த ஹத்தா பாதி வழியில் நின்றாள். இறந்த அம்மாவைக் குளிப்பாட்டத் தண்ணீர் வேண்டும். ஆனால் வீட்டுக்குப் பின்னாலிருந்த கிளை வாய்க்காலிலேயே தண்ணீர் கரை தட்டி ஓடியது. இன்று சூரியன் ஏறியதிலிருந்து கீழூர் இஸ்ஸாவின் தண்ணீர் முறை. இங்கே ஒரு சொட்டும் இருக்கக் கூடாது.

மேலே மடையில் அண்ணன் பாஸ்ஸு கீழூர்ப் பக்கத்தை அடைத்து, ஈர மண்கட்டிகளைச் செருப்புக் காலால் மிதித்து இறுக்கிக்கொண்டிருந்தான்.

"என்னண்ணே இது?"

"சோளம் கருகுது. கத்தாதே."

"அம்மா வீட்டுக்குள்ள கிடக்கா."

"அதான் சொல்றேன். சாவு வீட்டுல வந்து எவ மல்லுக்கு நிப்பா?"

அட்லஸ் மலையின் அந்தச் சரிவில் முதலில் கீழூர் மட்டும்தான் இருந்தது. ஊற்றிலிருந்து வாய்க்கால் வெட்டியதும் அவர்களே. ஆற்றங்கரையிலிருந்த ஊரை வெள்ளம் கொண்டுபோனபின் ஹத்தாவின் முன்னோர் வெறுங்கையோடு ஏறி வந்தார்கள். கீழூர்க்காரர்கள் மேல்சரிவைக் கொடுத்தார்கள், தண்ணீரில் முறையும் கொடுத்தார்கள். 'ஏறிவந்தவங்க' என்ற பெயர் மட்டும் இன்னும் போகவில்லை.

வீட்டில் எல்லோரும் காத்திருந்தார்கள். ஹத்தா கிளை வாய்க்காலிலேயே குடத்தை அமுக்கினாள்.

உள்ளே இஸ்ஸா சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு ஊரிலும் இறந்த பெண்களைக் குளிப்பாட்டுகிறவள் அவள்தான்.

"ஏ இத்தோ, உசுரோட இருந்தப்ப தலை சீவ விட்டியாடி? இப்பப் பாரு, எவ்வளவு அடக்கம்!" என்று அம்மாவிடம் பேசியபடி அவள் தாடையைத் துணியால் கட்டினாள். "ஊத்து மகளே."

ஹத்தாவின் கை எழவில்லை. களவுத் தண்ணீரிலா அம்மாவை அனுப்புவது?

"சின்னம்மா... இந்தத் தண்ணி..."

"என்னோடது. வரும்போதே பார்த்தேன். என் அவரைக்கொடி தலை தொங்கிக் கிடக்கு, தண்ணி எங்க போச்சுன்னு எனக்குத் தெரியாதா?"

ஹத்தா குடத்தைக் கீழே வைத்தாள்.

"இந்தக் குடத்தை நான் இவளுக்குக் கொடுத்துட்டேன். அல்லா சாட்சி. ஊத்து." ஹத்தா குடத்தைத் தூக்கிச் சாய்த்ததும், "இந்தக் குடத்தை மட்டும்," என்றாள் இஸ்ஸா.

குளிப்பாட்டி முடித்ததும் ஹத்தா மடைக்கு ஓடி மண்கட்டிகளைக் கையால் பிய்த்தெறிந்தாள். தண்ணீர் கீழே திரும்பியது.

நண்பகலில் பெண்களோடு மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் நின்றாள். குழி வெட்டிவிட்டு வந்த கீழூர் ஆண்கள் களத்தில் பாஸ்ஸுவோடு தொழுகைக்கு வரிசை கட்டினார்கள். ஓரத்தில் கழற்றிவிட்ட செருப்புகள் எல்லாவற்றிலும் வெளுத்த புழுதி. ஒரு ஜோடி மட்டும் சேறு அப்பிக் கறுத்திருந்தது. அதன் இரண்டு பக்கமும் யாரும் செருப்பை விட்டிருக்கவில்லை.