தரைப்பாலத்தில் நின்றவர்

பேய்க்கதை என்றால் சுடுகாடும் புளியமரமும் வேண்டுமா என்ன? பாளையங்கோட்டையில் ஏசி ஓடுகிற ஒரு மேப் கம்பெனியிலேயே பேய் இருந்தது. அதுவும் பட்டப்பகலில், கம்ப்யூட்டர் திரையில்.

அந்தக் கம்பெனிக்காரர்கள் தாமிரபரணிக் கரையை ட்ரோனில் படம் பிடித்து, சின்னச் சின்னச் சதுரங்களாக வெட்டி, யார் வேண்டுமானாலும் போனில் திறந்து பார்க்கும்படி மேப் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் புதிதாக வரைந்து காட்டினால் நேரமாகும் என்று, வெட்டிய சதுரங்களைச் சர்வரில் சேமித்து வைப்பார்கள். கேஷ் என்பார்கள் அதை. புதுப்படம் வந்தால் பழைய சதுரங்களைத் துடைத்துவிட வேண்டும்.

மார்கழி வெள்ளம் வடிந்தபின் புதுப்படம் வந்தது. எல்லாச் சதுரங்களும் மாறின, ஒன்றைத் தவிர. ஆழ்வார்குறிச்சிப் பக்கம் வெள்ளம் வாரிக்கொண்டு போன தரைப்பாலம் அதில் மட்டும் முழுசாக இருந்தது. மேலே நீலச்சட்டை போட்ட ஒருவர் நின்றார். சதுரங்களைப் பார்த்துக்கொள்ளும் பையன் ஜெனோ அதைச் சாயங்காலம் துடைத்துவிட்டுப் போவான். காலையில் வந்தால் அவர் அங்கேயே நிற்பார்.

"எக்கா, இது ஏதோ ஆவிச் சேட்டைக்கா. துடைக்கத் துடைக்க வந்து நிக்காரு," என்பான். அடுத்த நாற்காலியில் இருந்த கெசியா வாயே திறக்கமாட்டாள்.

ஆவியுமில்லை, ஒரு மண்ணுமில்லை. துடைத்தாலும் திரும்ப வரும்படி புரோகிராமில் ஒரு வரி எழுதிச் சேர்த்தவள் அவள்தான். நீலச்சட்டைக்காரன் அவள் புருஷன் கிங்ஸ்லி. ட்ரோன் பறந்த அன்று ஆற்றங்கரையில் வேலையாக இருந்த அவளுக்குச் சோறு கொண்டுவந்தவன், பாலத்தில் நின்று அண்ணாந்து பார்த்தான். பிறகு வந்த வெள்ளம் பாலத்தோடு அவனையும் கொண்டுபோயிற்று. உடம்பு கிடைக்கவில்லை, கல்லறை என்று போய் நிற்க ஓரிடமில்லை. மாமனார் வீட்டில் அவன் பேச்சையே எடுப்பதில்லை. ஒரே ஒரு சதுரத்தில் அவன் நின்றால் யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்துவிட்டாள், பைத்தியக்காரி!

இந்த ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் மழை ஊற்றியது. கம்பெனி வேன் டிரைவர் சுஜின் குலசேகரன்பட்டினத்துக்காரன். இந்தப் பக்கம் வழி தெரியாது. ஆற்றங்கரை ஊரில் மாட்டிக்கொண்ட ஒரு பிள்ளைத்தாச்சியை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்துகொண்டிருந்தான். ரோட்டில் தண்ணீர் ஏறிவிட்டது, மேப்பில் குறுக்கு வழி பார்த்து வருகிறேன் என்று ஜெனோவுக்குச் செய்தி அனுப்பியிருந்தான்.

கெசியா திரையைப் பார்த்தாள். வேனைக் காட்டும் சிவப்புப் புள்ளி நேரே கிங்ஸ்லியைப் பார்த்து நகர்ந்துகொண்டிருந்தது. போன் போட்டாள். இரண்டு தடவை லைன் கிடைக்கவில்லை. மூன்றாம் தடவை எடுத்தான்.

"சுஜின், எங்கன வாரே?"

"பாலத்துக்கிட்ட வந்துட்டேன்கா. மேல தண்ணி ஓடுது, பைய ஏத்திருவேன். மேப்ல பாலம் நல்லாத்தான் இருக்கு. ஒரு ஆளுகூட நிக்காரு."

"ஏத்தாத லே! பாலம் இல்ல! அதுல நிக்கது எங்க வீட்டு அவுக. செத்துப்போயிட்டாக லே!"

ஆபீஸ் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அந்த வார்த்தையை அவள் வாய் சொன்னது அதுதான் முதல் தடவை. போனில் பிரேக் கிறீச்சிட்டது.

"எக்கா..." என்றான் சுஜின். "முன்னால நாலடியில ரோட்டையே காணும்கா."

அவன் வேனைத் திருப்பிவிட்டான் என்று தெரிந்தபிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. ஜெனோவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவளே அந்த வரியை அழித்தாள், சதுரத்தையும் துடைத்தாள். அங்கே செம்மண் தண்ணீர் வந்து நின்றது.

சாயங்காலம் கிங்ஸ்லியின் அப்பா தேவசிகாமணி போனில் கூப்பிட்டார். வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர், அதிகம் பேசமாட்டார்.

"கெசியா, ஒங்க மேப்புல ஏதும் கோளாறாம்மா? தம்பி நின்ன இடத்துல வெறும் தண்ணியாக் கெடக்கு."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நீங்க பாப்பீங்களா மாமா?"

"காலைல ஜெபம் முடிச்சதும் ஒரு தடவ, சாயந்திரம் ஒரு தடவ. சொன்னா நீ அழுவியேன்னு சொல்லல. எப்படியாது திரும்பப் போட்டுருதியாம்மா?"

கெசியா கண்ணை மூடிக்கொண்டாள்.

"இல்ல மாமா. இனி அங்கன யாரும் நிக்க மாட்டாக."